பழைய சிஸ்டத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்குவது எப்படி: கார்டைக் கடைசியாகப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் வீடுகளில் இருக்கிற கேமிங் சிஸ்டம் பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, அண்ணனோ அக்காவோ காலேஜ் சேரும்போது அசெம்பிள் பண்ணி வாங்கி, இப்போது தம்பி கைக்கு வந்தது. இன்னொன்று, கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், எச்பி டவரை "நாலாவது ஜெனரேஷன் ஐ5" என்று சொல்லி கடைக்காரர் கொடுத்தது. இரண்டிலும் கார்டு போட்டால் கேம் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கார்டு என்பதை யூடியூபில் பெஞ்ச்மார்க் வீடியோ பார்த்து முடிவு பண்ணாதீர்கள். அந்த வீடியோவில் கார்டு மாட்டியிருக்கிற ப்ராசஸர் வேறு, எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) வேறு, அங்கே வருகிற கரண்டும் வேறு. பழைய சிஸ்டத்தில் கார்டை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, உங்கள் ப்ராசஸரும் வீட்டு பிளக் பாயிண்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றன. அதனால் அந்த வரிசையிலேயே போவோம்.

முதலில், கேம் தடுமாறுவதற்குக் கிராபிக்ஸ்தான் காரணமா என்று பாருங்கள். நீங்கள் அதிகம் விளையாடுகிற கேமை ஓடவிட்டு, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்கிற மென்பொருளைப் போட்டு, ஜிபியு (கார்டின் சிப்) எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று கவனியுங்கள். 95க்கு மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் கார்டு திணறுகிறது, மாற்றினால் பலன் உண்டு. 60, 70 என்று ஏறி இறங்கிக்கொண்டே கேம் விக்கினால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, ப்ராசஸர்தான் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் தவிக்கிறது. இன்னொரு சுலபமான சோதனையும் உண்டு. ரெசல்யூஷனை 720க்கு இறக்கி, செட்டிங்ஸ் எல்லாவற்றையும் லோவில் வைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்கிற எண்) நன்றாக ஏறினால் கார்டு வாங்கலாம். அப்படியும் அதே எண்ணிலேயே நின்றால் எவ்வளவு விலைக்குக் கார்டு வாங்கிப் போட்டாலும் அந்த எண்ணுக்கு மேல் போகாது.

அப்படி நின்றுவிட்டால் உடனே மனம் தளர வேண்டாம், ராமைப் பாருங்கள். இந்தப் பக்கத்து சிஸ்டங்களில் 8 ஜிபி ராம் ஒரே குச்சியாகப் போட்டிருப்பது மிகவும் சாதாரணம். அதே அளவில் இன்னொன்று வாங்கி டூயல் சேனலாக (இரண்டு குச்சியும் சேர்ந்து வேலை செய்யும்படி) போட்டால் பல கேம்களில் விக்கல் குறையும், டிடிஆர்3 ராம் செகண்ட் ஹேண்டில் சுலபமாகக் கிடைக்கும். ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறாதவர்கள் கார்டுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். ப்ராசஸரே பிரச்சினை என்றால், நாலாவது ஜெனரேஷன் போர்டில் ஐ5-ஐக் கழற்றிவிட்டு பழைய ஐ7 4770 போடலாம், போர்டு மாற்றத் தேவையில்லை. இரண்டாவது, மூன்றாவது ஜெனரேஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்த ப்ராசஸர்களில் ஏவிஎக்ஸ்2 என்கிற வசதி கிடையாது. அது இல்லாமல் திறக்கவே திறக்காத புதுக் கேம்கள் இருக்கின்றன. ஜிடிஏ 5, பழைய ரேஸிங் கேம்கள், வாலரண்ட் இவற்றோடு நிறுத்திக்கொள்பவர் என்றால் சரி. புதிதாக வருகிறதையெல்லாம் ஓட்ட வேண்டும் என்றால் அந்த சிஸ்டத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

இனி கரண்ட். டெல்டாவில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் குறுவைக்கு போர்செட் ஓடியாக வேண்டும், மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் ஊர் மோட்டாரெல்லாம் சேர்ந்து இழுத்தால் வீட்டில் ஃபேன் மெதுவாகிவிடும், டியூப்லைட் மினுக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கேமில் இருந்தால் சிஸ்டம் பட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். புதுக் கார்டு போட்ட பிறகு இது நடந்தால் எல்லோரும் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள், கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவார்கள், கடையில் ஜம்மென்று ஓடும். கோளாறு பிளக் பாயிண்டில். இதற்கு எஸ்எம்பிஎஸ் லேபிளில் இன்புட் என்று போட்டிருக்கிற வரியைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும். 200-240 அல்லது 220-240 என்று மட்டும் இருந்தால் லோ வோல்டேஜ் ஊருக்கு அது ஆகாது.

யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அதன் கணக்கையும் பாருங்கள். 600 விஏ என்று எழுதியிருக்கிற சாதாரண யூபிஎஸ் தருவது ஏறக்குறைய 360 வாட்தான். 130 வாட் கார்டு, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்தால் அதற்குள் அடங்கும், கரண்ட் போனால் சேவ் பண்ணி மூடுகிற அளவுக்கு நேரம் கிடைக்கும். அதற்கு மேல் கார்டு போனால் கரண்ட் போன அதே நொடியில் யூபிஎஸ் கீயென்று கத்தி நின்றுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் சிஸ்டத்தைப் போட்டிருந்தால், அது சைன் வேவ்தானா என்று உறுதி செய்துகொண்டு, பின்னால் இருக்கிற சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். சாதா மோடில் இருந்தால் மாறுகிற இடைவெளியில் சிஸ்டம் அணைந்துவிடும்.

இன்னொன்று எர்த். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? பல வீடுகளில் அதை "கம்ப்யூட்டர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற ஃபில்டரில் இருந்து கசிகிற சிறிய கரண்ட் போக வேண்டிய எர்த் ஒயர் இல்லாததால் கேபினட்டில் வந்து நிற்கிறது என்று அர்த்தம். டிஷ் கேபிளும் செட்டாப் பாக்ஸும் மாட்டிய டிவிக்கு இந்தக் கேபினட்டிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் இழுத்தால் புதுக் கார்டின் போர்ட்டே போய்விடலாம். கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பிளக்குக்கு எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நாளாயிற்று என்றும் யோசியுங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் ஒரு லேபிள் தெரியும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும், அதை நம்பாதீர்கள். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும், +12வி என்ற இடத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், கார்டு சாப்பிடுவது அந்த லைனில்தான். மலிவான எஸ்எம்பிஎஸ்ஸில் 16 ஏ என்று இருக்கும். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். 450 எங்கே, 192 எங்கே! இதில் ஐ5 4460 மாதிரி ப்ராசஸருக்கே 84 வாட் ஒதுக்க வேண்டும், மீதிதான் கார்டுக்கும் மற்றதுக்கும். 12வி1, 12வி2 என்று இரண்டு இருந்தால் இரண்டையும் கூட்டக் கூடாது, சேர்த்து எவ்வளவு என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு.

கார்டு பக்கத்துக் கணக்கு இது: மதர்போர்டு ஸ்லாட் வழியாக மட்டும் 75 வாட் வரை போகும். கார்டில் 6 பின் சாக்கெட் இருந்தால் இன்னொரு 75, 8 பின் இருந்தால் 150. எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயரே இல்லை என்றால், அது அந்தக் கார்டுக்கானது இல்லை என்று தயாரித்தவரே சொல்லிவிட்டார். கடையில் கன்வெர்ட்டர் ஒயர் தருவார்கள், சாட்டா பின்னிலிருந்து 8 பின் எடுக்கிற ஒயர். தயவுசெய்து வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் 54 வாட்டுக்குத்தான் செய்யப்பட்டவை, அதில் 150 இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். நல்ல பிராண்டில் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 500 அல்லது 550 வாட் ஒன்று வாங்கிவிட்டால் அடுத்த சிஸ்டத்துக்கும் அதுவே வரும். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள், எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்காதீர்கள்.

கம்பெனி டவர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி சுலபமாகத் திறக்காது. அவற்றில் எஸ்எம்பிஎஸ் 240, 290 வாட் என்றுதான் இருக்கும், மதர்போர்டுக்குப் போகிற கனெக்டரும் வழக்கமான 24 பின் இல்லாமல் அந்தக் கம்பெனிக்கே உரிய 8 பின்னாகவோ 6 பின்னாகவோ இருக்கும். கடையில் விற்கிற எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. இவர்கள் தனி பவர் ஒயர் கேட்காத கார்டோடு திருப்திப்பட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒல்லி கேபினட் என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு வேண்டும், அதுவும் எத்தனை ஸ்லாட் தடிமன் என்று அளந்துவிட்டு.

சரி, இப்போது கார்டு.

தனி பவர் கேட்காத வரிசையில் ஜிடிஎக்ஸ் 1650ம் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும்தான் இன்றைக்கு யோசிக்கத் தகுந்தவை. 1650ல் 6 பின் கேட்கிற மாடலும் உண்டு, படத்தைப் பார்த்து வாங்குங்கள். 3050ல் ஒரு குழப்பம் இருக்கிறது: 8 ஜிபி கார்டு 130 வாட், 6 ஜிபி கார்டு 70 வாட். பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு கார்டு, 6 ஜிபியில் கோர்களும் குறைவு, மெமரி பாதையும் குறுகல். கடையில் "3050 இருக்கு" என்று மட்டும் சொன்னால் எந்த 3050 என்று கேளுங்கள். கம்பெனி டவருக்கு 6 ஜிபிதான் சரி, நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கிறவருக்கு அது வீண்.

எஸ்எம்பிஎஸ் சரியாக இருந்தால் என் ஓட்டு ஆர்எக்ஸ் 6600க்குத்தான். 132 வாட், ஒரே ஒரு 8 பின், 8 ஜிபி, 1080ல் தாராளமாக விளையாடலாம். பழைய ப்ராசஸரோடு சேர்ந்து நிற்கிற கடைசிக் கார்டு இது என்றே வைத்துக்கொள்ளலாம். எட்டாவது ஜெனரேஷன் ஐ5, ரைசன் 3600 மாதிரி வைத்திருப்பவர்கள் மட்டும் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 4060 என்று மேலே பார்க்கலாம். அதற்கும் மேல் ஆசை வந்தால் சிஸ்டத்தை விற்றுவிட்டுப் புதிதாக அசெம்பிள் பண்ணுவதுதான் நியாயம்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 இரண்டையும் பழைய போர்டுக்கு வாங்காதீர்கள். அவை பிசிஐஇ (கார்டு மாட்டுகிற ஸ்லாட்) 4.0ல் நாலு லேன், அதாவது நாலு பாதை மட்டும் பயன்படுத்துகிற கார்டுகள். உங்கள் போர்டு 3.0 என்றால் பாதை பாதியாகிவிடும், இரண்டாவது ஜெனரேஷனின் 2.0 என்றால் கால்வாசிதான். 4 ஜிபி மெமரி நிரம்பிய உடனே அடி விழும். கேம் ரெக்கார்ட் பண்ணி யூடியூபில் போடுகிறவர்களுக்கு இன்னொரு அடி, வீடியோ என்கோடரே அதில் கிடையாது. 6600 எட்டு லேன் என்பதால் 3.0வில் பெரிதாகத் தெரியாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் விலையைப் பார்த்தால் ஆசை வரும், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் எட்டுகிற வசதி) இல்லாத பழைய போர்டில் அவற்றின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

சின்ன ஊர்க் கடைகளில் நடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். போய் கேமிங் கார்டு என்று கேட்டால், "நாலு ஜிபி கார்டு இருக்கு தம்பி, எல்லா கேமும் ஓடும்" என்று ஜிடி 730ஐ எடுத்து வைப்பார்கள். அது 2014ல் வந்த கார்டு. மெமரி எத்தனை ஜிபி என்பது வேகம் இல்லை. குடோன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் ஒற்றை ஆள் நுழைகிற அகலம் என்றால் மூட்டை அந்த வேகத்தில்தான் உள்ளே போகும். ஜிடி 1030லேயே ஜிடிடிஆர்5 கார்டில் நொடிக்கு 48 ஜிபி போகும், அதே பெயரில் விற்கிற டிடிஆர்4 கார்டில் 17கூட இல்லை. 1650ல் 128. ஜிடி 710, 730, 610 எல்லாம் மானிட்டரில் படம் வரவழைக்கத்தான், கேமுக்கு இல்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை, அவருக்கு வருமானம் சிசிடிவியிலும் பிரிண்டரிலும்தான், கார்டு கேட்டு வருகிறவர்களே குறைவு. மாடல் பெயரை முழுசாகச் சொல்லி வரவழைத்துத் தரச் சொன்னால் சென்னையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்றால், தாராளமாக, ஆனால் எதை என்பதில் கவனம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 எல்லாம் இன்னும் ஓடும். ஆனால் என்விடியா 2025 அக்டோபரோடு அந்த வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவரை நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை. ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 580, 570 வரிசையை 2023லேயே ஓரங்கட்டிவிட்டது. போதாததற்கு 580 என்பது 185 வாட் இழுக்கிற கார்டு, மேலே சொன்ன யூபிஎஸ் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். விலை அடிமட்டமாக இருந்தால் ஒழிய 1660 சூப்பரோ 6600ஓ தேடுவது மேல். 1650, 1660 எல்லாம் அடுத்த தலைமுறை என்பதால் டிரைவர் தொடர்ந்து வருகிறது.

2022 செப்டம்பரில் ஈத்தரியம் மைனிங் நின்றபோது சந்தைக்கு வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே கெட்டது என்று அர்த்தமில்லை, ஃபேனும் தெர்மல் பேடும்தான் தேய்ந்திருக்கும். வாங்குகிற இடத்திலேயே கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பாருங்கள். பயாஸ் (உள்ளேயே பதிந்திருக்கிற அடிப்படை மென்பொருள்) மாற்றிப் பெயர் மாற்றிய என்விடியா கார்டு என்றால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (கார்டின் கோர்) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும், 2048 இருந்தால் அது பெயர்ப்பலகை மாற்றிய 570தான். கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கிற ஃபர்மார்க் கால் மணி நேரம் ஓடட்டும். திரையில் கோடு, புள்ளி, திடீரென்று கருப்பு, ஃபேனில் கரகர சத்தம் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரி கடலோர ஊரில் இருந்த கார்டு என்றால் பிராக்கெட்டையும் ஸ்க்ரூவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே துருவோ செம்புக் குழாயில் பச்சைப் பூப்போ தெரிந்தால் உப்புக்காற்று உள்ளேயும் போயிருக்கும்.

புதிது வாங்குகிறவர்கள் சென்னை ரிச்சி தெரு வரை போவதா, ஆன்லைனா, ஊர்க் கடையா என்று குழம்புவார்கள். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் மூன்றையும் ஒரே நாளில் விசாரியுங்கள். ஊர்க் கடையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், கெட்டால் வாரண்டிக்கு அனுப்பி வாங்கித் தருவேன் என்று சொல்பவராக இருந்தால் அந்தக் கூடுதல் நியாயமானதுதான். பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்பதற்குத் தலையாட்டாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகிறது என்று நினைத்து வாரண்டியை விட்டுவிடுகிறீர்கள். பில்லில் கார்டின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் பார்சல் பிரிப்பதை முதலிலிருந்து இடைவிடாமல் வீடியோ எடுங்கள்.

மாட்டுவதற்கு முன்னால் மதர்போர்டு கம்பெனி தளத்தில் பயாஸ் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். எச்61 மாதிரி பழைய போர்டுகளில் புதுக் கார்டு போட்டால் திரையே வராமல் போவதுண்டு, பல நேரம் பயாஸ் அப்டேட்டில் சரியாகிவிடும். கேபினட்டின் உள் நீளத்தை ஸ்கேலால் அளந்து கார்டின் நீளத்தோடு ஒப்பிடுங்கள், ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் இப்போதைய கார்டு எதிலும் விஜிஏ கிடையாது. எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்குகிற, உள்ளே சிப் இருக்கிற கன்வெர்ட்டர் வேண்டும், இரண்டு முனையையும் இணைத்த வெறும் ஒயர் வேலை செய்யாது.

பழைய டிரைவரை டிடியு என்கிற மென்பொருளை வைத்து சேஃப் மோடில் துடைத்துவிட்டு, சுவிட்ச் ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருக்கிற தூசியை புளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் சம்பா அறுவடை நேரம், ரோட்டில் நெல் காய்கிற தெரு என்றால் இதை மாதம் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும். கார்டை ஸ்லாட்டில் டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள், ஸ்க்ரூ போடுங்கள். ப்ராசஸருக்குப் போகிற 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் ஒன்று மாதிரி தெரிந்தாலும் வேறு வேறு, போகவில்லை என்றால் அமுக்கித் திணிக்காதீர்கள். மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருகுங்கள். மதர்போர்டிலேயே விட்டுவிட்டு "கார்டு போட்டும் எஃப்பிஎஸ் ஏறலையே" என்று கேட்பவர்கள் நிறையப் பேர்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு, உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் டிரைவரிலேயே எஃப்பிஎஸ்ஸை 60க்குப் பூட்டிவிடுங்கள். அதற்கு மேல் வருகிற ஃபிரேம் உங்கள் கண்ணுக்கு வராது. சித்திரை வெயிலில் மாடி ரூமில் கார்டு 80 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்கும், யூபிஎஸ்ஸும் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.